அடித்த காசா, ஊற்றின காசா? பழங்காசு சேர்ப்பவர்கள் போலியில் சிக்காமல் இருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது வருடங்களுக்கு முன் வெளியூர்க் கண்காட்சி ஒன்றில் ரோமானிய வெள்ளிக் காசு ஒன்று வாங்கினேன். ஒரு பக்கம் திபேரியஸ் பேரரசரின் தலை, மறுபக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். ஒன்றரை மாதச் சம்பளம் போனது. ஊருக்கு வந்ததும் கோட்டாறில் எங்கள் வீட்டுக்கு நகை செய்து தரும் பட்டறை அண்ணாச்சியிடம் காட்டினேன். அவர் லூப்பை, அதாவது நகை பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை, கண்ணில் வைத்து விளிம்பை மட்டும் ஒரு சுற்று பார்த்தார். பேரரசரின் முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெள்ளிதானே அண்ணாச்சி?”

“வெள்ளி கொஞ்சம் இருக்கு மக்களே. ஆனா இது அடிச்ச காசு இல்ல, ஊத்துன காசு. இங்க பாரு, அரம் போட்ட தடம்.”

மறுவாரம் மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் வீட்டில் அதே காசைப் பார்த்தேன். அவரும் அதே ஆளிடம் வாங்கியிருக்கிறார். இரண்டையும் அருகருகே வைத்தோம். பேரரசரின் காதுக்குக் கீழே ஊசி முனை அளவு ஒரு குழி, இரண்டிலும் ஒரே இடத்தில். விளிம்பில் ஒரு வெடிப்பு, அதுவும் இரண்டிலும் ஒரே இடத்தில். கையால் அடித்த இரண்டு காசுகள் ஒருபோதும் இப்படி ஒத்துப்போகாது. ஒரே மூலத்திலிருந்து எடுத்த வார்ப்புகள்தான் ஒத்துப்போகும்.

அன்றிலிருந்து எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்: இது அச்சில் வைத்து அடித்ததா, உருக்கி ஊற்றியதா? கீழே உள்ள எல்லாம் இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

முதலில் நம்ம ஊர்க் காசைப் படியுங்கள்

புதிதாகச் சேர்ப்பவர்கள் நேராகச் சோழர் காசுக்கும் ரோமானியக் காசுக்கும் போய்விடுகிறார்கள். அங்கேதான் போலி அதிகம். குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம் வீட்டிலேயே இருக்கிறது. 1949 வரை திருவிதாங்கூர் தனி சமஸ்தானமாக இருந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் பழைய வீடுகளின் பெட்டிகளில் திருவிதாங்கூர்க் காசுகள் இன்றும் கிடக்கின்றன. பணத்துக்கே ‘சக்கரம்’ என்று சொன்ன தலைமுறை இங்கே இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய்.

பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராம்கூட இருக்காது. மிளகை விடக் கொஞ்சம் பெரிய தகடு, அவ்வளவுதான். விரலில் எடுத்தால் நழுவும். எண்ணுவதற்கே அந்தக் காலத்தில் தனிப் பலகை வைத்திருந்தார்கள். பலகை முழுக்கச் சிறு குழிகள். காசுகளை அள்ளிக் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்று விழும், மீதியை வழித்துவிட்டால் எண்ணிக்கை தயார். இந்தச் சக்கரங்கள் சில கையில் கிடைத்தால் வரிசையாக வைத்து லூப்பில் பாருங்கள். எந்த இரண்டும் ஒன்றுபோல இருக்காது. ஒன்றில் புள்ளிகள் ஓரத்தில் விழுந்திருக்கும், இன்னொன்றில் பாதி அச்சே விழாமல் போயிருக்கும். இந்த ஒழுங்கின்மை கண்ணில் பதிந்துவிட்டால் பாதிக் கல்வி முடிந்தது. விலை மலிந்த காசு என்பதால் இதைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதும் குறைவு, தைரியமாகப் பழகலாம்.

இன்னொரு விஷயம். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் காலத்து வெள்ளிக் காசுகளில் 1112, 1116 என்று ஆண்டு இருக்கும். அது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. கொல்லம் 1112 என்றால் 1936 ஆகஸ்டில் தொடங்கி 1937 ஆகஸ்டில் முடியும் வருடம். இதைக் காட்டி ‘தொள்ளாயிரம் வருடத்துப் பழைய காசு’ என்று விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். காசு அசலாகவே இருக்கும், அதைப் பற்றிச் சொல்வது பொய்யாக இருக்கும். இதுவும் ஏமாற்றுதான். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் அந்த வருடம் முடியும் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

வாய்ப்புக் கிடைத்தால் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நமக்குப் பக்கம் நெடுமங்காடு. அங்கே கோயிக்கல் அரண்மனையில் காசுகளுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் இருக்கிறது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு பெரியது. படத்தில் பார்ப்பதற்கும் கண்ணாடிக்குப் பின்னால் நேரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. காசின் தடிமன் படத்தில் தெரியாது.

அடித்த காசு எப்படி இருக்கும்

அடித்த காசு என்றால், சூடாக்கிய உலோகத் துண்டை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சுத்தியலால் அடித்தது. அடி விழுந்ததும் உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும். அந்த ஓட்டத்தின் தடம் லூப்பில் மெல்லிய கதிர்களாகத் தெரியும், குறிப்பாக எழுத்துகளுக்கும் விளிம்புக்கும் இடையே. தாங்க முடியாமல் ஓரம் வெடிக்கும். விளிம்பு வெடிப்பைப் பார்த்துப் புதியவர்கள் பயப்படுவார்கள். எனக்கு அது நல்ல அறிகுறி. எழுத்தின் கால்கள் தளத்திலிருந்து செங்குத்தாக எழும். உருவம் தேய்ந்திருந்தாலும் அதற்கும் தளத்துக்கும் உள்ள கோடு தெளிவாக இருக்கும்.

ஊற்றின காசில் உலோகம் அச்சுக்குழியில் உறையும்போது காற்றுக் குமிழி சிறு குழிகளாக நின்றுவிடும். தளம் ஆரஞ்சுத் தோல் போலப் பொரிபொரியாக இருக்கும். எழுத்தின் ஓரங்கள் சோப்பு தேய்ந்த மாதிரி வழுவழுவென்று இறங்கும். விளிம்பில் இரண்டு பாதி அச்சுகள் சேர்ந்த கோடு ஓடும், அதை மறைக்க அரம் போட்டிருப்பார்கள். அண்ணாச்சி பார்த்தது அதைத்தான்.

ஒரு எச்சரிக்கை: குழி இருப்பதெல்லாம் வார்ப்பு இல்லை. ஆயிரம் வருடம் மண்ணில் கிடந்த செம்பில் அரிப்புக் குழி வரும். அரிப்புக் குழியின் ஓரம் கரடுமுரடாக, வடிவம் தாறுமாறாக இருக்கும். குமிழிக் குழி உருண்டையாக, உள்ளே வழவழப்பாக இருக்கும். இந்த வித்தியாசம் பழகப் பழகத்தான் வரும்.

புதிதாக அச்சு வெட்டி, அடித்தே செய்யும் போலிகளும் உண்டு. இவற்றில் மேலே சொன்ன எதுவும் உதவாது. எழுத்தின் கை, உருவத்தின் பாணி, எடை, களிம்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மேஜையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு லூப், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் அளவுகோல், பஞ்சுக் குச்சி, சுத்தமான அசிட்டோன், மரப் பல்குச்சி. இவ்வளவு போதும். காந்தமும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது இரும்பை மட்டும்தான் பிடிக்கும். ஒட்டவில்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது.

முதலில் எடை. ஒவ்வொரு காசு வகைக்கும் ஓர் எடை வரம்பு உண்டு. முத்திரைக் குத்திய வெள்ளிக் காசுகள் 3.3 கிராமை ஒட்டி நிற்கும், தேய்ந்தால் குறையும். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து ரோமானிய வெள்ளி 3.6 முதல் 3.9 வரை. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசு ஏறக்குறைய 3.5 முதல் 4.5 கிராம். தேய்ந்த காசு எடை குறையலாம், ஆனால் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும் காசு எடையில் மட்டும் குறைந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

அடுத்து அடர்த்தி. பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். தராசில் சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்து, காட்டும் அளவை பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையால் பிடித்தால் ஆடும், மேலே ஒரு குச்சியில் கட்டுவது நல்லது. இப்போது தராசு காட்டும் எண், காசின் கன அளவு. காசின் உலர்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

என் திபேரியஸ் காசு 3.62 கிராம். தண்ணீரில் தராசு 0.42 காட்டியது. வகுத்தால் 8.6. வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் குறைவு, பித்தளை 8.5ஐ ஒட்டி. நல்ல வெள்ளியாக இருந்தால் தராசு 0.35 காட்டியிருக்க வேண்டும். அந்த 0.07 வித்தியாசத்தில்தான் என் ஒன்றரை மாதச் சம்பளம் இருந்தது. காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், அதனால் மூன்று முறை செய்து பாருங்கள். செப்புக் காசுக்கு இந்தச் சோதனை பயன்படாது, போலியும் செம்புதானே. அரை கிராம் கூட இல்லாத தங்கப் பணத்துக்கும் இந்தத் தராசு போதாது.

தங்கத்துக்கு நகைக்கடையில் தரம் பார்க்கும் எக்ஸ்ரே கருவி உண்டு. அது மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும் என்பதை மறக்க வேண்டாம், முலாம் தடிப்பாக இருந்தால் ஏமாறும். வெள்ளியில் அந்தக் கருவி 99.9 என்று காட்டினால் எனக்குச் சந்தேகம் கூடும். பழைய காலத்து வெள்ளியில் கொஞ்சம் தங்கமும் ஈயமும் ஒட்டிக்கொண்டு வரும், அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க அன்று முடியாது.

சுண்டிப் பார்த்து ஓசை கேட்பது நம்மிடம் பழைய வழக்கம். பழங்காசுக்கு வேண்டாம். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகம் படிகமாகிக் கண்ணாடி போல உடையும். அசல் காசு மந்தமாக ஒலிக்கும், அல்லது இரண்டாக உடையும்.

காசைச் சோதிப்பது நமக்குப் புதிய வேலை இல்லை என்பதையும் இங்கே சொல்ல ஆசை. சங்க காலத்தில் காசு நோட்டம் பார்ப்பவருக்கு வண்ணக்கர் என்று பெயர். வடமவண்ணக்கன் பேரிசாத்தன் என்று ஒரு புலவரே இருந்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே அதற்கென்று ஆள் வேண்டியிருந்தது என்றால், அன்றே போலி இருந்தது என்றுதான் அர்த்தம்.

களிம்பு

செப்புக் காசில் பச்சைக் களிம்பைப் பார்த்ததும் பழசு என்று நம்பிவிடுகிறோம். நவச்சாரமும் உப்பும் தடவிச் சில நாள் வைத்தால் புதுச் செம்பிலும் பச்சை ஏறும். பெயிண்ட் அடித்து மண்ணைப் பிசின் வைத்து ஒட்டியவர்களும் உண்டு.

உண்மையான களிம்பு அடுக்கடுக்காக வளரும். செம்பின் மேல் சிவப்புப் படலம், அதன் மேல் பச்சை. அது கெட்டியாக, காசின் தோலாகவே ஆகியிருக்கும். பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து ஓரத்தில் மெதுவாகத் தேயுங்கள். பச்சை பஞ்சுக்கு வந்துவிட்டால் அது பூச்சு. பல்குச்சியால் தொட்டதும் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து கீழே பளபளவென்று செம்பு தெரிந்தால் அதுவும் பூச்சுதான், அல்லது காசு உள்ளே நோய்பட்டு அரிக்கிறது. இரண்டுமே வாங்கத் தகுந்தவை அல்ல. மேடான இடங்களையும் பாருங்கள். பல கை மாறிய காசில் மேடு தேய்ந்து, பள்ளத்தில் அழுக்கு நிற்கும். மேடு பள்ளம் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் அது ஒரே நாளில் வந்த நிறம்.

வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுக் காசைத் தேய்க்காதீர்கள். களிம்பு போனால் காசின் சாட்சியும் போகும், விலையும் போகும். மண் போக வேண்டுமென்றால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுங்கள், நாள்கணக்கில்.

எந்தக் காசில் எதைப் பார்ப்பது

முத்திரைக் காசுகள் வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரிசெய்ய மூலையை நறுக்கி, ஒவ்வொரு முத்திரையாகத் தனித்தனியே குத்தியவை. முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பாதி விளிம்புக்கு வெளியே போகும். ஐந்து சின்னங்களும் முழுசாக, இடித்துக்கொள்ளாமல் அழகாக அமைந்த காசைப் பார்த்தால் விலகி நில்லுங்கள்.

சங்க காலச் சதுரச் செப்புக்காசுகளில் யானையும் மீனும் உள்ள பாண்டியர் காசுகள் பரவலாகக் கிடைப்பவை, அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. விலை ஏறுவது எழுத்துள்ள காசுக்கு. செம்பில் ‘பெருவழுதி’ என்றும் வெள்ளியில் ‘மாக்கோதை’ என்றும் தமிழ் பிராமியில் பொறித்தவை மிக அரியவை. அதனால்தான் போலி செய்பவன் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான். சாதாரண யானைக் காசில் புதிதாக எழுத்தைச் செதுக்கிச் சேர்ப்பதும் உண்டு. லூப்பில் எழுத்தைச் சுற்றியுள்ள தளம் மட்டும் தாழ்ந்திருக்கிறதா, அங்கே களிம்பு அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகையை முதல் ஐந்து வருடத்துக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

ராஜராஜன் செப்புக்காசு ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவமும் நாகரியில் பெயரும் கொண்டது. ஏராளமாகக் கிடைக்கிறது. அசல் காசில் தலையோ காலோ தகட்டுக்கு வெளியே போய்விடுவது சகஜம். தங்க முலாம் பூசி ‘ராஜராஜன் பொற்காசு’ என்று விற்கப்படுவது இதே அச்சின் வார்ப்புதான்.

வீரராயன் பணம் என்கிற சின்னத் தங்கக் காசு நம் பக்கத்தில் நிறையப் புழங்கியது. நகையில் கோத்துப் போட்டதால் பற்றுவைத்த தடம் இருக்கும், அது குற்றமில்லை. அரை கிராம்கூட இல்லாத தங்கம் என்றாலும், தங்க விலைக்கும் கீழே ஒருவர் கொடுக்கிறார் என்றால் அங்கேயே கேள்வி எழ வேண்டும். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், கொல்லம் 1057இல் வெளியான திருவிதாங்கூர்ப் பவுன் மிக மிக அரியது. அது யாருடைய சட்டைப் பையிலிருந்தும் வெளியே வராது.

ரோமானியக் காசில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்திலேயே தென்னிந்தியாவில் அவற்றைப் பார்த்து நகல் செய்திருக்கிறார்கள். எழுத்து தெரியாமல் கோடும் வளையமுமாகப் போட்டிருப்பார்கள். அவை பழம்பொருள்களே, போலி என்று தூக்கி எறியாதீர்கள். அதேபோல் 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலின் தங்கக் காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்தில் உளி வெட்டு இருந்தது. வெட்டுப்பட்ட காசு என்றால் தரம் குறைந்தது என்று நினைக்க வேண்டாம், ஆனால் வெட்டுக்குள் புதுப் பளபளப்பு இருந்தால் வெட்டியவர் நம் காலத்து ஆள்.

கடைசியாக, கன்னியாகுமரி கடற்கரையில் சங்கு மாலைகளோடு விற்கப்படும் காசுகள். 1818 என்று ஆண்டு, ஒரு பக்கம் அனுமன் அல்லது ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரில் ‘அரை அணா’. அப்படி ஓர் அணாக் காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. சென்னையில் அடித்த வராகனில் சாமி உருவம் உண்டு, அது வேறு கதை. இந்த அணாக் காசுகளை வைத்து ‘அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, கோடிக்குப் போகும்’ என்று மோசடி செய்து, தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. எந்தக் காசும் அரிசியை இழுக்காது. வீட்டில் பெரியவர்களிடம் இதை ஒருமுறை சொல்லி வையுங்கள், ஏனென்றால் அவர்களைத்தான் தேடி வருகிறார்கள்.

‘குளம் வெட்டும்போது கிடைத்தது’

நம் மாவட்டத்தில் குளத்துக்குக் குறைவில்லை, அதனால் இந்தக் கதைக்கும் குறைவில்லை. பழையாற்றில் கிடைத்தது, அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தது என்றும் சொல்வார்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, அவர் சொல்வது உண்மையானால் நீங்கள் வாங்குவது சட்டச் சிக்கல். பொய்யானால் வாங்குவது போலி. இரண்டு வழியிலும் கை நீட்டக் கூடாது. உங்கள் நிலத்திலேயே கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வெளிநாட்டுக்குத் தனியார் கொண்டு போகவோ அனுப்பவோ முடியாது. வியாபாரமாக விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். அதனால் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல வியாபாரி சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார்.

வாட்ஸ்அப்பில் வாங்கும்போது

நேரில் பார்க்காமல் வாங்கத்தான் வேண்டுமென்றால், காசின் இரு பக்கம், விளிம்பு, தராசின் மேல் வைத்த படம் நான்கையும் கேளுங்கள். விளிம்புப் படம் அனுப்பத் தயங்குபவரிடம் மேலே பேச வேண்டாம். அந்தப் படத்தைத் தேடுபொறியில் போட்டுத் தேடுங்கள், அதே காசு அதே குழியோடு வேறு இடத்தில் விற்பனைக்கு வந்திருந்தால் என் மார்த்தாண்டம் அனுபவம் உங்களுக்கு மிச்சம். போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதி வாங்குங்கள். ‘இன்னொருவர் காத்திருக்கிறார், இன்றே பணம் போடுங்கள்’ என்றால் அந்த இன்னொருவருக்கே விட்டுவிடுங்கள்.

உங்களிடம் உள்ள பழைய காசை லட்சக்கணக்கில் வாங்குகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரில் வரும் அழைப்புகளும் உண்டு. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

வாங்கிய பிறகு

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, யாரிடம் வாங்கியது, விலை, எடை, விட்டம், விளிம்பில் என்ன பார்த்தீர்கள், ஏன் அசல் என்று நம்பினீர்கள். கடைசி வரியை ஒருபோதும் விடாதீர்கள். ஒரு வருடம் கழித்து அதே காசை எடுத்துப் பார்க்கும்போது அந்த வரிதான் பேசும். என் பழைய நோட்டில் சில இடங்களில் ‘விற்றவர் நல்ல மனிதராகத் தெரிந்தார்’ என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காசுகளையெல்லாம் திரும்பச் சோதித்ததில் மூன்று வார்ப்பு.

போலி என்று உறுதியானால் விற்றவரிடம் திருப்பிக் கேளுங்கள். முடியாவிட்டால் இன்னொருவர் தலையில் கட்டாமல், உறையில் போட்டு மேலே சிவப்பு மையில் ‘போலி’ என்று எழுதி வையுங்கள். என் திபேரியஸ் அப்படித்தான் இருக்கிறது. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்தால் முதலில் அதையும் ஒரு வெள்ளிச் சக்கரத்தையும் லூப்பையும் கையில் கொடுத்துவிட்டு, டீ போட அடுக்களைக்குப் போய்விடுவேன். திரும்பி வருவதற்குள் பெரும்பாலும் விளிம்பில் உள்ள அரத் தடத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.